வானத்தின் நாடித்துடிப்பு

வானநூல் என்பது கண்ணாற் கண்டு கணிக்கும் கலை என்றே பன்னெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. ஞாயிறு, திங்கள், கோள், நாண்மீன் என்பவற்றின் இயக்கத்தை நம் முன்னோர் கண்ணாற் கண்டு பஞ்சாங்கம் வகுத்தனர். பின்னர்த் தோன்றிய தொலைநோக்கி கண்ணின் ஆற்றலைப் பெருக்கிற்றாயினும், அதுவும் ஒளியொன்றனையே நாடிற்று. 1933-இல் அமெரிக்க நாட்டுப் பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கி என்பார், பால்வழியினின்று வானொலி அலைகள் வருகின்றன என்று வெளியிட்ட பின்னரே, விண்ணைக் கருவிகொண்டு 'கேட்டறியும்' வேறொரு நெறியும் உண்டென்பது உலகிற்கு விளங்கிற்று. அந்நெறியிற் சென்றோர் கண்ட வியப்புகளுள் இரண்டனை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். ஒன்று, கடிகாரம் போலத் தவறாது துடிக்கும் பல்சார் என்னும் விண்மீன். மற்றொன்று, நொடியின் ஆயிரத்திலொரு கூறளவே தோன்றி மறையும் விரைவு வானொலி வெடிப்பு. இவற்றைத் தேடும் பணியில் நம் நாட்டுத் தொலைநோக்கிகள் ஆற்றிவரும் தொண்டினையும், அவை புதுக்கப்பெற்றமையால் விளைந்த பயனையும் நம் மாணாக்கர் அறிதல் வேண்டும்.

மாசி மாதத்தில் இரவு பத்துமணி அளவில் திருவான்மியூர்க் கடற்கரையினின்று தென்றிசையை நோக்குவோமாயின், அடிவானுக்கும் உச்சிக்கும் இடையே மூன்றிலொரு பங்கு உயரத்தில் வேலா என்னும் விண்மீன் தொகுதி நிற்கும். அதன்கண் ஒரு பல்சார் உளது. அது நொடிக்குப் பதினொரு முறை சுழன்று, சுழலுந்தோறும் ஓர் அலைத்துடிப்பை நம்மேல் வீசிச் செல்கின்றது. நம் கண்ணுக்கு அது புலனாவதில்லை. அதன் துடிப்பு நம்மை வந்து தொடாமலும் இல்லை. தொட்டதை உணரும் பொறி நம்பால் இல்லை என்பதே உண்மை. அப்பொறியை ஆக்கிக்கொண்ட வரலாறே பின்வருவது.

பல்சார் என்பது யாது?

பெரிய விண்மீனொன்று தன் எரிபொருள் தீர்ந்தபின் தன் நிறையைத் தானே தாங்கமாட்டாது உள்நோக்கிச் சரிகின்றது. இச்சரிவின் கணக்கை முதன்முதல் தெளிவாக வகுத்தவருள் தலைசிறந்தவர் மயிலாப்பூரில் வளர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார். 1930-இல் மேற்படிப்பிற்காகக் கப்பலேறி இங்கிலாந்து சென்றபொழுது அவருக்கு வயது பத்தொன்பதே. அப்பயணத்தின்போதே அவர் ஆராயத் தொடங்கிய கணக்கினின்று, வெள்ளைக் குறுமீன் என்னும் நிலையில் நிலைத்து நிற்கக்கூடிய விண்மீனின் நிறை ஞாயிற்றின் நிறையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கிற்கு மேற்படலாகாது என்பது பெறப்பட்டது. அவ்வெல்லையைக் கடந்தது என்னாகும் என்ற வினாவிற்கு விடையாக அமைந்தவற்றுள் ஒன்றே நியூட்ரான் விண்மீன். 1932-இல் நியூட்ரான் என்னும் அணுத்துகள் கண்டறியப்பட்டது. அதனையடுத்துச் சில ஆண்டுகளுக்குள்ளாகவே, வெடித்தழியும் விண்மீனின் நடுவே நியூட்ரான்களாலாகிய உருண்டை எஞ்சும் என்று பாடே, சுவிக்கி என்னும் அறிஞரிருவர் கருத்துரைத்தனர்.

இவ்வுருண்டையின் நிறை ஞாயிற்றின் நிறையினும் மிகுதி. குறுக்களவோ ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். அஃதாவது, திருவான்மியூரில் ஒரு முனையை வைத்தால் மறுமுனை திருவொற்றியூரில் முடியும். ஞாயிற்றை அவ்வளவிற்குள் திணித்தாற்போன்ற இப்பொருள் வேகமாகச் சுழல்வது ஏன் எனின், கைகளை விரித்துச் சுழலும் கூத்தாடுவோர் கைகளை உடலோடு சேர்த்த அளவிலே சுழற்சி விரைவுறுவது போல, பருத்த விண்மீன் சிறுத்த அளவிலே அதன் சுழற்சியும் விரைவுறுகின்றது. அதன் காந்த முனைகளினின்று வானொலி அலைகள் கற்றையாக வீசுகின்றன. கலங்கரை விளக்கின் ஒளிக்கதிர் சுழன்று வருகையில் கடலோடிக்கு அது விட்டுவிட்டுத் தோன்றுவது போல, அக்கற்றை நம்மைக் கடக்குந்தோறும் நமக்கு ஒரு துடிப்புப் புலனாகின்றது. ஆகவே, துடிப்பு என்று நாம் வழங்கினும், விண்மீன் உண்மையில் துடிப்பதன்று, சுழல்வதே என்று மாணாக்கர் உணர்க.

கண்டறிந்த வரலாறு

1967-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரையடுத்து நாலரை ஏக்கர் நிலத்தில் கம்பிகளும் கழிகளும் நாட்டி ஒரு தொலைநோக்கி அமைக்கப்பட்டது. அதனை அமைக்கும் பணியிலும் உடலுழைப்புச் செய்து, பின்னர் அதனை இயக்கியவர் ஜோசலின் பெல் என்னும் ஆராய்ச்சி மாணவி. எழுதுகோல் கோடிட்ட தாள் நாளொன்றுக்கு ஏறக்குறைய முப்பது மீட்டர் நீளம் வெளிவரும். அத்தனையையும் கண்ணாலே படித்து வந்த அம்மாணவி, ஆகஸ்டு மாதத்துத் தாளில் கால் அங்குல அளவேயான ஓர் அழுக்குப் போன்ற கீறலைக் கண்டார். அதனைப் புறக்கணித்திருக்கலாம். ஆனால், அதே கீறல் வானின் அதே பகுதியினின்று மீண்டும் வருவதை அவர் நினைவுகூர்ந்தார். மனிதர் செய்யும் ஓசை மனிதர் கடிகாரத்தைப் பின்பற்றும்; விண்மீனோ நாடோறும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாகவே உதிக்கும். அக்கீறல் விண்மீனின் காலக்கணக்கையே பின்பற்றிற்று. நவம்பர் மாதத்தில் விரைவாக ஓடும் தாளிற் பதிவு செய்தபொழுது, 1.337 நொடிக்கு ஒருமுறை தவறாது வரும் துடிப்பு அது என்று தெளிவாயிற்று.

1974-இல் இதற்காக நோபெல் பரிசு அளிக்கப்பட்டபொழுது, அது அவர்தம் ஆசிரியர் ஆன்டனி ஹூயிஷ் அவர்களுக்கும் மார்ட்டின் ரைல் அவர்களுக்கும் சென்றது; மாணவியின் பெயர் சேர்க்கப்படவில்லை. 2018-இல் வேறொரு பெரும்பரிசாக முப்பது இலட்சம் டாலர் அவருக்கு வழங்கப்பட்டபொழுது, அத்தொகை முழுவதையும் இயற்பியலில் வாய்ப்புக் குறைந்த மாணாக்கரின் ஆராய்ச்சிக்கென்றே அவர் கொடுத்துவிட்டார்.

அலை பிரிதலும் அதனை அறிதலும்

விண்மீன்களுக்கிடையே வெறும் வெளி என்று நாம் எண்ணுமிடத்தில் மின்னணுக்கள் மிக மெல்லெனப் பரவிக் கிடக்கின்றன. அவற்றினூடே வரும் வானொலி அலைகளுள் அதிர்வெண் மிகுந்தவை முன்னும், குறைந்தவை பின்னுமாக வந்து சேர்கின்றன. அறுபத்துமூவர் விழாவன்று மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு சிறுவனும், தலையிற் சுமையேந்திய ஒருவனும் ஒரே நேரத்தில் புறப்பட்டாரென்று வைத்துக்கொள்வோம். சிறுவன் கூட்டத்தினிடையே நழுவி முன்னே வருவான். சுமைகாரனோ தடைபட்டுத் தடைபட்டுப் பின்னே வருவான். இருவர் வரவுக்கும் இடையேயுள்ள காலத்தைக் கொண்டே இடையிலிருந்த கூட்டத்தின் அளவை ஒருவாறு கணிக்கலாம். அவ்வாறே இருவேறு அதிர்வெண்களின் வரவிடைக் காலத்தைக் கொண்டு வழியிலுள்ள மின்னணுக்களின் தொகையையும், அதனின்று தொலைவையும் அறிகின்றோம்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். இடைத்தரமான மின்னணுத் தொகையுடைய ஒரு வழியில், 1,400 மெகாஹெர்ட்ஸ் அலை ஒளியினும் ஏறக்குறைய பத்திலொரு நொடி பிந்தி வருமாயின், 326.5 மெகாஹெர்ட்ஸ் அலை இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவாகப் பிந்தும். பிந்துங்காலம் அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதமாதலின் இவ்வேற்றுமை உண்டாகின்றது. நொடிக்குப் பலமுறை துடிக்கும் பல்சாரின் துடிப்புகள் இதனால் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். ஆதலின் அலைவரிசையைப் பல நூறு சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் உரிய அளவு பின்னுக்குத் தள்ளிச் சேர்த்தல் வேண்டும். தேடுங்கால் மின்னணுத் தொகை இவ்வளவென்று முன்னரே தெரியாதாகையால், ஆயிரக்கணக்கான அளவுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தல் வேண்டும். கணிப்பொறியின் பளு இங்கேதான் மிகுகின்றது.

உதகையும் கோடாடும்

நம் நாட்டில் இக்கலைக்கு அடிகோலியவர் கோவிந்த சுவரூப் ஆவார். 1963-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்த அவர், உதகமண்டலத்தையடுத்த முத்தோரையில் ஒரு பெருந்தொலைநோக்கி அமைக்கத் திட்டமிட்டார். பூமியின் அச்சுக்கு இணையாக ஒரு நீண்ட கருவியை நிறுத்த வேண்டின், அவ்விடத்தின் அட்சரேகை எத்துணைப் பாகையோ அத்துணைப் பாகை சாய்வு வேண்டும். நீலகிரியில் ஏறக்குறைய பதினொரு பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவு இயற்கையாகவே வாய்த்தது. அதன்மேல் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள உருளைக் கருவி 1970-இல் நிறுவி முடிக்கப்பட்டது. 24 சட்டங்களின்மேல் 1,100 துருப்பிடியாத எஃகுக் கம்பிகள் நீட்டிக் கட்டப்பட்டுள்ளன; குவியத்தில் 1,056 அலைவாங்கிகள் நிற்கின்றன. கருவியை ஒரே அச்சில் சுழற்றினாலே போதும், ஒரு விண்மீனை ஒன்பது மணி நேரத்திற்கு மேலும் தொடர்ந்து நோக்கலாம். பொருட்செலவு மிகுந்த அயல்நாட்டுக் கருவியைப் பார்த்துச் செய்யாது, நம் மலையின் அமைப்பையே கருவியின் உறுப்பாக்கிக் கொண்ட இந்நுட்பம் நாம் போற்றத்தக்கது.

இதன்பின் அவர் தலைமையில் மராட்டிய நாட்டுப் புனே நகருக்கு வடக்கே, நாராயண்காவ் அருகிலுள்ள கோடாடு என்னும் ஊரில், மாபெரும் மீட்டர் அலைத் தொலைநோக்கி எழுந்தது. 45 மீட்டர் குறுக்களவுள்ள முப்பது கிண்ணங்கள் 25 கிலோமீட்டர் பரப்பில் நிற்கின்றன. அவற்றுள் பதினான்கு ஒரு கிலோமீட்டர் அளவிற்குள் நெருங்கியும், ஏனைய மூன்று கிளைகளாகப் பிரிந்தும் நிற்பன. கனத்த தகடுகளுக்கு மாறாக மெல்லிய கம்பிவலையை இழுத்துக் கட்டியமையால் காற்று ஊடுருவிச் செல்லும், நிறை குறையும், செலவும் குறையும். சுவரூப் அவர்கள் 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். அவர் அமைத்த இரு கருவிகளும் அவருக்குப் பின்னும் உழைக்கின்றன.

புதுக்கியதனாற் பெற்ற பயன்

கோடாட்டுத் தொலைநோக்கி தொடக்கத்தில் ஒருகாலத்தே 32 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையையே வாங்க வல்லதாயிருந்தது. பல்லாண்டு உழைப்பினால் 2019 அளவில் முற்றுப்பெற்ற புதுக்கத்தின் பின் அவ்வகலம் 400 மெகாஹெர்ட்ஸாக உயர்ந்தது. இதன் பயன் எவ்வளவு? கருவியில் இயல்பாகவுள்ள இரைச்சல், அலைவரிசையின் அகலமும் நோக்குங்காலமும் பெருகப் பெருக, அப்பெருக்கத்தின் வர்க்கமூல அளவிற் குறையும் என்பது விதி. அகலம் பன்னிரண்டரை மடங்கு பெருகிற்று. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய மூன்றரை. எனவே, பிறவெல்லாம் ஒத்திருப்பின், முன்னர்க் கண்டதனினும் மூன்றரை மடங்கு மெலிந்த துடிப்பையும் இப்பொழுது காணலாம். முன்பு ஒருமணி நேரத்தில் கண்டதை ஐந்து நிமிடத்திற்குள் காணலாம் எனினும் அமையும். ஒரு கிண்ணமும் புதிதாக நிறுத்தாமல், வாங்கியையும் கம்பித் தொடரையும் கணிப்பொறியையும் மாற்றிய அளவிலே இது கைகூடிற்று.

உதகையிலும் இத்தகைய புதுக்கம் நடைபெற்றுள்ளது. நந்நான்கு அலைவாங்கிகளை ஒரு தொகுதியாக்கி, 264 தொகுதிகளின் அலைகளையும் தனித்தனியே எண்களாக மாற்றி, வானின் பரந்த பகுதியை ஒருங்கே நோக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. அலை பிரிதலை அவ்வப்பொழுதே நீக்கிப் பல்சாரின் துடிப்பைக் காட்டும் தனிக் கருவியும் அங்கே அமைக்கப்பட்டது. பல்சார்கள் சில வேளைகளில் திடீரெனச் சுழற்சி விரைவுறும் 'இடறல்' என்னும் நிகழ்ச்சியைக் கண்காணித்தற்கு அது பயன்பட்டுள்ளது.

தேடும் முறை இங்ஙனமாம். முப்பது கிண்ணங்களின் வலிமையை வெறுமனே கூட்டினால், வானின் பரந்த பகுதியைப் பார்க்கலாம். ஆயின் நுண்மை ஒற்றைக் கிண்ணத்தினும் ஏறக்குறைய ஐந்தரை மடங்கே. அலைகளை முகடு முகட்டோடு பொருந்தச் சேர்த்தால் நுண்மை முப்பது மடங்காகும். பார்க்கும் பகுதியோ மிகச் சுருங்கும். ஆகவே, புதியதைத் தேட முதல்முறையும், கண்டதை ஆழ்ந்து அளக்க இரண்டாம் முறையும் தக்கன. சேர்த்த அலையைப் பல அளவுகளில் திருத்தி, அதன்கண் ஒழுங்காக மீள்வது எதுவென்று கணித்து, அக்கால அளவிலே துடிப்புகளை ஒன்றன்மேலொன்றாக மடித்துப் பார்ப்பர். ஒரு துடிப்பாற் புலனாகாதது ஆயிரம் துடிப்புகளை அடுக்கியவழிப் புலனாகும். 2004-இல் வெளியிடப்பட்ட ஒரு கண்டுபிடிப்பு இம்முறைக்குச் சான்று. என்.ஜி.சி. 1851 என்னும் உருண்டைக் கொத்தில், நொடிக்கு இருநூறு முறை சுழன்று, மிக நீண்ட முட்டைவடிவப் பாதையிற் செல்லும் பல்சாரொன்றை இந்தத் தொலைநோக்கியே காட்டிற்று.

கணநேர வெடிப்புகள்

ஒழுங்காக மீள்வதைத் தேடுவோர்க்கு ஒருமுறையே தோன்றுவது தப்பிவிடும். 2001-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி பதிவு செய்த ஏடுகளைப் பின்னர் ஆராய்ந்த லோரிமர் குழுவினர், ஐந்து மில்லிநொடிக்கும் குறைந்த ஒரு பெருவெடிப்பை 2007-இல் வெளியிட்டனர். அதனை முதலிற் கண்டவர் டேவிட் நார்கெவிக் என்னும் இளங்கலை மாணவர். அதன் அலை பிரிதல் நம் பால்வழியிலுள்ள மின்னணுக்கள் தரவல்லதனினும் மிகுதியாக இருந்தமையால், அது நம் பால்வழிக்கு அப்பாலிருந்து வந்ததாகல் வேண்டும் என்று அவர்கள் கூறினர்.

பலர் ஐயுற்றனர், ஐயுற்றதும் நன்றே. என்னை? அதே தொலைநோக்கியில் அதனைப் போலவே அலை பிரிந்து தோன்றும் வேறு சில வெடிப்புகள் புலப்பட்டன. அவை வானின் ஒரு திசையினின்று வாராமல் எல்லாத் திசை வாங்கிகளிலும் ஒருசேரத் தோன்றின. 2015-இல் அவற்றின் தோற்றுவாய் வெளிப்பட்டது: நிலையத்திலிருந்த நுண்ணலை அடுப்பின் கதவை, அடுப்பு நிற்குமுன் திறந்தபொழுது வெளிப்பட்ட அலையே அது! ஆயின் இதனால் லோரிமர் கண்டது பொய்யாகவில்லை. அடுப்பின் அலை எத்தன்மையது என்று தெளிந்த பின்னரே, அத்தன்மை இல்லாதது விண்ணினுடையது என்று துணிய இயன்றது. பொய்யை முற்ற ஆராய்ந்தவனுக்கே மெய் உறுதிப்படும்.

2016-இல் அவ்வெடிப்புகளுள் ஒன்று மீண்டும் மீண்டும் தோன்றுவது அறியப்பட்டது. 2017-இல் அது ஏறக்குறைய 300 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு சிறு விண்மீன் மண்டலத்தைச் சார்ந்ததெனப்பட்டது. கனடா நாட்டுச் சைம் தொலைநோக்கி 2021-இல் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வெடிப்புகளின் பட்டியலை வெளியிட்டது. 2020 ஏப்ரல் 28-ஆம் நாள் நம் பால்வழியிலேயே உள்ள, மிக வலிய காந்தப்புலமுடைய ஒரு நியூட்ரான் விண்மீன் இத்தகைய வெடிப்பொன்றை வெளியிட்டது. வெடிப்புகளுள் ஒரு சாராருக்கேனும் பிறப்பிடம் இத்தகைய விண்மீன்களே என்பது இதனாற் பெறப்படும். ஏறக்குறைய பதினாறு நாட்களுக்கொருமுறை விழித்தெழும் மற்றொரு தோற்றுவாயினின்று பதினைந்து வெடிப்புகளைப் புதுக்கப்பெற்ற கோடாட்டுத் தொலைநோக்கி 2020-இல் கண்டு அறிவித்தது. இப்பொழுது அங்கே 'ஸ்பாட்லைட்' என்னும் திட்டம் வகுக்கப்பட்டு, தொலைநோக்கி வேறு பணியில் ஈடுபட்டிருக்குங்காலத்தும் உடன் வரும் அலைகளில் வெடிப்புகளைத் தேட வழி செய்யப்படுகின்றது. இதற்குதவும் பரம் ருத்ரா என்னும் பெருங்கணிப்பொறி 2024 செப்டம்பர் 26-ஆம் நாள் நாட்டிற்கு அளிக்கப்பட்டது.

நம் அண்மையில்

இவையெல்லாம் மலையிலும் மராட்டியத்திலும் நடப்பன. நமக்கென்ன என்று எண்ணற்க. திருவான்மியூரையடுத்த தரமணியில், 1962-இல் நிறுவப்பட்ட கணித அறிவியல் நிறுவனம், இந்தியப் பல்சார்க் காலவரிசைக் கூட்டுறவில் ஓர் உறுப்பாகும். உதகை, கோடாடு ஆகிய இரு தொலைநோக்கிகளும் அக்கூட்டுறவிற்குப் பயன்பட்டுள்ளன. அதன் நோக்கம் பெரிது. மில்லிநொடிப் பல்சார்கள் மிகச் சிறந்த கடிகாரங்கள். விண்ணின் பல திசைகளிலுள்ள அத்தகைய பல கடிகாரங்களை ஒருங்கே பல்லாண்டு அளந்தால், அண்டத்தின்கண் பரவும் ஈர்ப்பலைகள் அவற்றின் வரவுக் காலத்தில் விளைக்கும் நுண்ணிய மாறுதல் புலனாகும். 2023 ஜூன் 29-ஆம் நாள் ஐரோப்பியக் குழுவினரும் இந்தியக் குழுவினரும் சேர்ந்து, அத்தகைய அலைகளின் இரைச்சலுக்குச் சான்று கிடைத்திருப்பதாக வெளியிட்டனர். அமெரிக்கா முதலிய நாட்டுக் குழுவினரும் அதனையே தனித்தனி வெளியிட்டனர். ஐரோப்பியர் தந்தது ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு அளவை. இந்தியர் தந்தது மூன்றரையாண்டு அளவையே. எனினும், குறைந்த அதிர்வெண்ணில் அலை பிரிதல் மிகுதியாகப் புலப்படுமென்று மேலே கண்டோமன்றோ? வழியிலுள்ள மின்னணுக்கள் நாளுக்கு நாள் மாறுவதைத் துல்லியமாகக் காட்டுதற்கு அக்குறைந்த அதிர்வெண் அளவைகளே உதவின.

இங்கே மாணாக்கர் கருத வேண்டுவன இரண்டு. முதலாவது, இத்தொலைநோக்கிகட்கு உணவு அமைதியே. கைப்பேசிக் கோபுரமும், மின்கம்பியின் பொறியும், வானில் நிறையும் செயற்கைக் கோள்களும் எழுப்பும் அலைகள் விண்மீனின் மெல்லிய குரலை அமுக்கிவிடும். மின்கம்பியின் இரைச்சலைக் களையும் கருவி கோடாட்டில் உண்டாயினும், களைதற்கு ஓர் எல்லையுண்டு. நீலகிரியில் அரைநூற்றாண்டிற்கு மேலாக நின்றுழைக்கும் கருவியைச் சூழ்ந்த அமைதியைக் காப்பது அறிஞர் கடமை மட்டுமன்று. அம்மலைக்குச் செல்லும் நம் ஒவ்வொருவர் கடமையுமாம்.

இரண்டாவது, அமைதி மலையில் வேண்டுமாயினும், ஆராய்ச்சி நகரத்திலும் இயலும். பதிவான ஏடுகள் கணிப்பொறி வழியே எங்கும் செல்லவல்லன. கோடாட்டுத் தொலைநோக்கியின் பழைய பதிவுகள் குறித்த காலம் கழிந்தபின் எல்லாரும் பயன்படுத்துமாறு திறந்து வைக்கப்படுகின்றன. கல்லூரி மாணாக்கர் தாமே பல்சார்களை அளந்து பழகும் பயிற்சியும் உதகையில் நடத்தப்பட்டதுண்டு. கால் அங்குலக் கீறலைக் கண்டவரும் ஒரு மாணவி. கணநேர வெடிப்பைக் கண்டவரும் ஒரு மாணவர். இருவரும் மேற்கொண்டது ஒன்றே: பிறர் கழித்தொதுக்கக் கூடியதைப் பொறுமையோடு பார்த்தமை. அலைவரிசையை அகலமாக்கவும், கணிப்பொறியைப் பெரிதாக்கவும் அரசும் நிறுவனமும் வல்லன. பார்க்கும் பொறுமையையும், கண்டதை உடனே நம்பிவிடாது ஐயுற்று ஆராயும் நேர்மையையும் மாணாக்கர் தாமே பயின்று கொள்ளல் வேண்டும். இயற்பியலும் கணிதமும் கற்கும் நம் கல்லூரி இளைஞருள் சிலரேனும் இத்துறையிற் புகுந்து, இனிக் காணவிருக்கும் துடிப்புகளுள் ஒன்றையேனும் முதன்முதற் காண்பாராக.